அப்பாவின் மருந்துச் சீட்டில் ஒன்பது வரிகள்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 64 வயது. சுகர் பத்து வருடமாக, பிரஷர் ஆறு வருடமாக. ஊரிலேயே இருக்கும் ஒரு டாக்டரிடம்தான் காட்டுகிறார்கள். மாத்திரைக்கு மட்டும் மாதம் 3,200 ரூபாய் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே சுகர், இதே பிரஷர்தான். அவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம். ஒரே வியாதிக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம், டாக்டர் கமிஷனுக்காக எழுதுகிறாரா, வேறு கம்பெனி மாத்திரை வாங்கினால் ஆபத்தா என்று மூன்று கேள்வி. கூடவே பில்லை வரி வரியாக எழுதி அனுப்பியிருக்கிறார். அதனால்தான் விவரமாகப் பதில் சொல்ல முடிகிறது.

நான் மருந்தாளுநர். எங்கள் பக்கத்தை வட ஆர்க்காடு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள். ஓய்வு பெற்ற பிறகு மறுபடி ஒரு கடையில் உட்காருகிறேன். ஆகவே மருந்துச் சீட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். டாக்டர் இல்லை என்பதால் எந்த மாத்திரையையும் நிறுத்து என்று சொல்ல மாட்டேன். எதைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று சொல்வேன்.

முதலில் பில். ஒன்பது வரி இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த சுகர் மாத்திரை, இரண்டு வேளை, 540 ரூபாய். வில்டாகிளிப்டின் இரண்டு வேளை, 420. டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்த பிரஷர் மாத்திரை, 360. அடார்வாஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் சேர்ந்த கேப்ஸ்யூல், 150. இந்த நான்கும் சேர்ந்தால் 1,470. சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாம் இதற்குள் முடிந்துவிட்டது.

மீதி ஐந்து வரி: பான்டோபிரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேஸ் கேப்ஸ்யூல் 390. நரம்புச் சத்து கேப்ஸ்யூல் 450. கால்சியம் 210. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று ஒன்று 300. சுகர்காரர்களுக்கான புரோட்டீன் பவுடர் டப்பா 380. கூட்டிப் பாருங்கள், 1,730 வரும். பில்லில் பாதிக்கு மேல், அப்பாவுக்கு என்ன வியாதியோ அதற்கு நேராகப் போகவில்லை.

இது உங்கள் டாக்டர் ஒருவர் செய்வது என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த நாள்பட்ட சுகர் சீட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். மேலே நான்கு வரி சரியாக இருக்கும், கீழே வால் நீண்டுகொண்டே போகும். மருந்து எழுதும் பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் 1993லேயே சில அளவுகோல்களை வகுத்தது. ஒரு சீட்டுக்குச் சராசரி எத்தனை மருந்து, எத்தனை சீட்டில் ஆன்டிபயாடிக், எத்தனையில் ஊசி, எத்தனை மருந்து கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில் எழுதப்பட்டது என்று எண்ணுவார்கள். சாதாரண வெளிநோயாளிச் சீட்டுக்குச் சராசரி இரண்டு மருந்துக்குள் இருப்பது நல்லது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். சுகரும் பிரஷரும் சேர்ந்து இருப்பவருக்கு இரண்டுக்குள் அடங்காது, அது நியாயம். ஆனால் ஒன்பது என்றால் நின்று பார்க்க வேண்டும்.

சீட்டு எப்படி இவ்வளவு நீளமாகிறது? என் அனுபவத்தில் இதற்கு முக்கியக் காரணம் கமிஷன் இல்லை. சீட்டில் சேர்ப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் கிடைக்கிறது, அடிப்பதற்கு யாருக்கும் நேரம் இல்லை. போன வருடம் கால் எரிச்சல் என்று அப்பா சொல்லியிருப்பார், நரம்பு கேப்ஸ்யூல் ஏறியிருக்கும். ஒருநாள் அசதி என்றிருப்பார், ஆன்டிஆக்ஸிடன்ட் வந்திருக்கும். மூட்டு வலிக்குக் கால்சியம். எரிச்சல் போயிற்றா, அசதி தீர்ந்ததா என்று பிறகு யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளினிக்கில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் பழைய சீட்டைப் பார்த்து "இதையே வாங்கிக்கோங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையில் ஒன்பது வரியும் இன்னும் மூன்று மாதத்துக்கு ஆயுள் பெற்றுவிடும்.

இன்னொரு விதமாகவும் நீளும். ஒரு மாத்திரை ஏதாவது தொந்தரவு செய்யும், அந்தத் தொந்தரவைப் புது வியாதி என்று நினைத்து அதற்கு இன்னொரு மாத்திரை வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபோது ஒரு பெரியவர் மாதாமாதம் இருமல் மருந்து கேட்டு வருவார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வறட்டு இருமல். ராத்திரி பொண்டாட்டி தூங்க முடியவில்லை என்பார். அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்தால் பிரஷருக்கு எனலாப்ரில். அந்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் கொண்டுவரும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். டாக்டரம்மாவிடம் சீட்டை எடுத்துப் போய்க் காட்டினேன், வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். சில வாரத்தில் இருமல் போய்விட்டது. இருமல் மருந்தும் போய்விட்டது. அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும், அதற்கு நீர் மாத்திரை ஏறும். உங்கள் அப்பா சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் அதுவும் இருக்கிறது. ஆகவே கணுக்கால் வீங்குகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மோசமானது ஸ்டீராய்டு. நம் பக்கத்தில் சில இடங்களில் பேர் தெரியாத மாத்திரைகளைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். தன்னிடம் வரும் நோயாளிக்கு டாக்டரே மருந்து கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. மூட்டு வலிக்கு வாங்கிய பொட்டலத்தில் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் வலி ஒரே நாளில் பறந்துவிடும், சுகர் தாறுமாறாக ஏறும். அடுத்த மாதம் சுகர் மாத்திரையின் பவரைக் கூட்டுவார்கள். அப்பா வேறு எங்காவது வலிக்குப் பொட்டலம் வாங்குகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சுகர் டாக்டரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

சரி, விலைக்கு வருவோம். மருந்து விலையைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கவனிக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்கு உச்ச விலை உண்டு. 2022ல் வந்த பட்டியலில் 384 மருந்துகள். உச்ச விலையை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? சந்தையில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ விற்பனை உள்ள எல்லா பிராண்டுகளின் விலையையும் கூட்டிச் சராசரி எடுத்து, அதன் மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். தயாரிக்க என்ன செலவு என்ற கேள்வி இந்தக் கணக்கில் வரவே வராது. பெரிய பிராண்டுகள் அதிக விலைக்கு விற்றால் சராசரியும் மேலேதான் நிற்கும். அதனால்தான் உச்ச விலை இருந்தும், டெல்மிசார்ட்டன் 40 பவர் ஒரு பிரபல பிராண்டில் மாத்திரை ஏழு ரூபாய்க்கு மேல் விற்கிறது. அதே மருந்து மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் பத்து மாத்திரை பதினைந்து ரூபாய்க்குள் கிடைக்கிறது.

பட்டியலில் இல்லாத மருந்துக்கு உச்ச விலை கிடையாது. வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற ஒரே கட்டுப்பாடுதான். வருடம் தவறாமல் பத்து பத்தாக ஏற்றினால் ஏழெட்டு வருடத்தில் விலை இரட்டிப்பு. ஒரு விஷயத்தை இங்கே கவனியுங்கள். டெல்மிசார்ட்டன் பட்டியலில் இருக்கிறது, அம்லோடிபினும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக அழுத்தினால் தனித்தனி உச்ச விலை அதற்கு அப்படியே பொருந்தாது. கம்பெனிகளுக்குக் கூட்டு மாத்திரை மேல் இவ்வளவு ஆசை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாக் கூட்டும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இந்தப் பிரஷர் கூட்டு நல்ல கூட்டு, ஒரு மாத்திரையோடு வேலை முடிவதால் மறக்காமல் சாப்பிடுவார்கள். ஆனால் அர்த்தமே இல்லாத கூட்டுகளும் ஏராளம். 2016ல் மத்திய அரசு ஒரே அறிவிப்பில் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. வழக்கு, நிபுணர் குழு என்று போய் 2018ல் 328ஐத் தடை செய்தார்கள். 2024 ஆகஸ்டில் இன்னும் 156. தடை வரும் நாள் வரைக்கும் அவையெல்லாம் யாரோ ஒரு டாக்டர் எழுதி, யாரோ ஒரு அப்பா காசு கொடுத்து வாங்கியவைதான்.

உங்கள் பில்லில் எட்டாவது வரியில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தாக இருந்தால் தயாரிப்பு உரிம எண் என்று ஒன்று அச்சிட்டிருக்கும். சத்துப் பொருளாக இருந்தால் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்குமே, அந்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருக்கும். அந்த முத்திரை இருந்தால் அது சட்டப்படி மருந்து இல்லை, உணவு. மருந்து விலைக் கட்டுப்பாடு அதைத் தொடாது. அதில் எழுதியிருக்கும் இருபது சேர்மானத்தில் ஒன்று கூட அப்பாவின் சுகரைக் குறைக்கப் போவதில்லை. அவர் தினமும் ஒரு முட்டை, ஒரு கை சுண்டல், முருங்கைக்கீரை சாப்பிட்டால் புரோட்டீன் டப்பாவின் 380 ரூபாயும் மிச்சம். கிட்னி பரிசோதனையில் ஏதாவது இருந்தால் மட்டும் புரோட்டீன் எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் அந்த டப்பாவே வேண்டாம் என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு.

கமிஷன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இருக்கிறது. எல்லாரிடமும் இல்லை. மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குப் பரிசு, பயணம் கொடுக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு நடத்தை விதி கொண்டுவந்தது. கொடுக்காத ஊரில் அப்படி ஒரு விதி எதற்கு? ஆனால் சிறிய ஊர்களில் விஷயம் வேறு வழியிலும் நடக்கும். கிளினிக்கை ஒட்டியே ஒரு மெடிக்கல் இருக்கும். டாக்டர் எழுதும் சில மாத்திரைகள் அந்த ஒரு கடையில் மட்டும்தான் கிடைக்கும், குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கு கேட்டாலும் "அந்தப் பேரே கேள்விப்படலியே" என்பார்கள். இதைக் கடைக்காரர்கள் பிராபகண்டா கம்பெனி சரக்கு என்போம். விலை பெரிய பிராண்டுக்குச் சமமாக அச்சிட்டிருக்கும், கடைக்கு வரும் விலை அதில் ஒரு சிறு பகுதிதான். பட்டியல் மருந்தில் கடைக்காரருக்கு 16 சதவீதம், மற்றதில் வழக்கமாக 20 சதவீதம் லாபம். இந்த வகைச் சரக்கில் லாபம் அதைப்போல் எத்தனையோ மடங்கு. உங்கள் ஒன்பதில் எத்தனை வெளிக்கடையில் கிடைக்கிறது என்று ஒருநாள் நடந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

டாக்டர்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். நம் ஊரில் நூறு, நூற்றைம்பது ரூபாய் பீஸ் வாங்குகிற டாக்டர் பத்து நிமிடம் பேசி, "மாத்திரை வேண்டாம், நடங்க, அரிசியைக் குறைங்க" என்று அனுப்பினால் அடுத்த முறை அவரிடம் யார் வருவார்கள்? "அவரு கைராசி இல்லப்பா, ஒரு ஊசி கூடப் போடல" என்று தெருவெல்லாம் சொல்லிவிடுவோம். ஊசி போட்டு, கலர் கலராக நாலு மாத்திரை எழுதுகிறவர்தான் கைராசிக்காரர். அந்த நீண்ட சீட்டில் நமக்கும் பங்கு இருக்கிறது. இன்னொன்று, பல டாக்டர்களுக்குத் தாங்கள் எழுதும் மாத்திரையின் விலை நிஜமாகவே தெரியாது. நான் போனில் கூப்பிட்டு "சார், இது ஒரு மாத்திரை பதினைந்து ரூபாய், இந்த அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர்" என்று சொன்னபோது, "அவ்வளவா? மாத்துங்க, பிளெய்ன் எழுதிடறேன்" என்று உடனே மாற்றியவர்கள் உண்டு.

இங்கிலாந்தில் ஒவ்வொரு குடும்ப டாக்டர் கிளினிக்கும் எந்த மருந்தை எத்தனை எழுதியது, அதற்கு என்ன செலவு என்ற கணக்கை மாதாமாதம் பொதுவில் வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் தெரு கிளினிக்கைப் பக்கத்துக் கிளினிக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே எழுதப்படும் மருந்துகளில் ஐந்தில் நான்குக்கு மேல் மருந்தின் சொந்தப் பெயரில்தான் எழுதப்படுகின்றன. இங்கே ஒரு தனியார் டாக்டர் என்ன எழுதுகிறார் என்பது அவருக்கும் கடைக்காரருக்கும் மருந்துக் கம்பெனி ரெப்புக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. நாமும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். நீண்ட சீட்டால் பணம் போகிறது, அது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது.

கடைக்கு ஒரு அம்மா வருவார். பீடி சுற்றுகிறவர், விரல் நுனியெல்லாம் தூள் கறை. முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்துக் கண்ணாடி மேஜை மேல் எண்ணி வைப்பார். சீட்டில் ஏழு வரி. "அண்ணா, இருநூறு ரூபாதான் கீது. இதுல எது தெம்பு மாத்திரையோ அதை அஞ்சு நாளைக்குக் கொடு. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை வாணாம், அதைச் சாப்ட்டா ஒண்ணுமே தெரியல." அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அம்லோடிபின். அதைச் சாப்பிட்டால் உடம்பில் எதுவும் தெரியாதுதான், தெரியக்கூடாது. மண்டையில் ரத்தக்குழாய் வெடிக்காமல் காப்பது அது. அதன் விலையும் சொற்பம். தெம்பு மாத்திரை சிவப்பாக, பெரிதாக, பளபளவென்று இருந்தது, விலை அதைப்போல் ஏழு மடங்கு. சீட்டில் ஏழும் ஒரே கையெழுத்தில், ஒரே அளவில் எழுதியிருக்கும்போது எது உயிர் காப்பது, எது ஒப்புக்கு எழுதியது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் அம்லோடிபினை ஒரு மாதத்துக்கும் மெட்ஃபார்மினை ஒரு மாதத்துக்கும் கொடுத்து, சிவப்பு மாத்திரையை எடுத்து வைத்துவிட்டேன். இருநூறிலும் மிச்சம் இருந்தது. அவருக்குத் திருப்தி இல்லை. கொஞ்சம் கோபமாகவேதான் போனார். அடுத்த மாதம் பிரஷர் பார்த்துவிட்டு வந்து சொன்னார், குறைந்திருக்கிறதாம்.

உங்கள் வீட்டில் இன்னும் அந்த நிலைமை வரவில்லை. ஆனால் ஒரு மாதம் ஷூ கம்பெனியில் வேலை இல்லை, தறி ஓடவில்லை என்றால் 3,200ஐ யாராவது வெட்டத்தான் வேண்டும். அந்த நாளில் எதை வெட்டக்கூடாது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

அதனால் வரி வரியாக, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பார்ப்போம். முதல் மூன்று வரி, அதாவது இரண்டு சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும், தொடக்கூடாதவை. விலையை மட்டும் குறைக்க முடியும். வில்டாகிளிப்டினின் பேடண்ட், அதாவது ஒரே கம்பெனிக்கு இருந்த தனி உரிமை, இந்தியாவில் 2019 டிசம்பரில் முடிந்தது. அதுவரை ஒரு மாத்திரை இருபது ரூபாய்க்கு மேல் விற்றது, அப்புறம் ஏகப்பட்ட கம்பெனிகள் இறங்கி விலை சரிந்தது. உங்களுக்கு ஏழு ரூபாய்க்குக் கிடைப்பதே அதனால்தான். எம்பாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சுகர் மாத்திரைக்கு 2025 மார்ச்சில் இதே நடந்தது, அறுபது ரூபாய் அளவில் இருந்த மாத்திரை பத்து ரூபாய் அளவுக்கு இறங்கியது. உறவினர் யாராவது இன்னும் பழைய பிராண்டையே பழைய விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள்.

நான்காவது, கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும். இதில் அடார்வாஸ்டாட்டின் சுகர்காரர்களுக்கு நல்லது, இருக்கட்டும். ஆஸ்பிரின் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட், பக்கவாதம் எதுவும் வந்ததில்லை, ஆஸ்பிரின் தேவையா? வந்தவர்களுக்கு அது கட்டாயம், ஒருநாள் கூட விடக்கூடாது. வராதவர்களுக்கு 2018ல் வெளியான பெரிய ஆய்வுகள் கிடைக்கும் நன்மையை ரத்தக்கசிவு ஆபத்து பெரும்பாலும் தின்றுவிடுகிறது என்று காட்டின. முடிவு டாக்டருடையது. அவர் ஆஸ்பிரினை எடுத்துவிட்டால் ஐந்தாவது வரியும் ஆடிப்போகும். ஏனென்றால் வயிற்றுக்குக் கேஸ் மாத்திரை எழுதியதே பெரும்பாலும் ஆஸ்பிரினால் புண் வரக்கூடாது என்றுதான். ஆஸ்பிரின் தொடரும் என்றால் வெறும் பான்டோபிரசோல் போதுமா என்று கேளுங்கள். கூட இருக்கும் டாம்பெரிடோன் வாந்தி, குமட்டலுக்குச் சில நாள் எடுப்பது. வருடக்கணக்கில் எடுக்கும் மருந்து இல்லை. வயதானவர்களுக்கு அதில் இதயத் துடிப்பு சம்பந்தமான எச்சரிக்கையும் இருக்கிறது.

ஆறாவது நரம்புச் சத்து. இங்கே கவனம் வேண்டும், முழுக்க வீண் என்று தூக்கி எறியாதீர்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், அது உண்மை. பத்து வருடமாகச் சாப்பிடும் அப்பாவுக்கு ஒருமுறை பி12 அளவைப் பார்த்துவிடுவது நல்லது. குறைவாக இருந்தால் வெறும் பி12 மாத்திரையோ ஊசியோ போதும், விலையும் குறைவு. 450 ரூபாய் கேப்ஸ்யூலில் பி12 ஒரு ஓரமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் பிரிகாபாலின் என்ற நரம்பு வலி மருந்து இருந்தால் திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆகவே முதலில் சேர்மானத்தைப் படியுங்கள்.

கால்சியம் எதற்கு எழுதியது, இன்னும் தேவையா என்று கேளுங்கள். ஆன்டிஆக்ஸிடன்டும் பவுடரும் பற்றி மேலே சொன்னதே போதும்.

வேறு கம்பெனி வாங்கலாமா என்ற கேள்வி. டாக்டர் ஒரு பிராண்ட் பெயர் எழுதியிருந்தால் அதற்குப் பதில் வேறு பிராண்டைக் கொடுக்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தரவில்லை, அதில் இருப்பது அதே மருந்தாக இருந்தாலும். அதனால் கடையில் வாதாடிப் பயனில்லை, டாக்டரிடம் "சேர்மானப் பேர் எழுதிக் கொடுங்க சார், மக்கள் மருந்தகத்துல வாங்கிக்கறேன்" என்று கேளுங்கள். மருந்தின் சொந்தப் பெயரில், படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் நெறிமுறையே சொல்கிறது. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இருக்கிறது, தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24ல் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துக்கான ஜிஎஸ்டியும் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கடையில் அந்தக் குறைவு பில்லில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலை குறைந்த மாத்திரை வேலை செய்யுமா என்ற பயம் எனக்குப் புரிகிறது. நான் வேலைக்கு வந்த புதிதில் அரசு ஆஸ்பத்திரி மாத்திரை என்றால் பெரிய டப்பாவிலிருந்து கையால் எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், நிறம் மாறும். ஜனங்கள் அதைச் சுண்ணாம்பு மாத்திரை என்பார்கள். 1995ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வேலையைத் தொடங்கியதும் இது மாறியது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். மருந்து அட்டையாக, அரசு முத்திரையோடு வரும். ஒவ்வொரு பேட்ச்சிலும் சாம்பிள் எடுத்து, கம்பெனிப் பெயர் தெரியாமல் மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் எங்கள் நிலையத்துக்கு வரும். எங்களுக்கு ஒரு பாஸ்புக் இருக்கும், அதில் இருக்கும் தொகைக்குள் எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று எழுதி வேலூர் கிடங்கிலிருந்து எடுத்து வருவோம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்து இதே மாதிரி தொடங்கின. உங்கள் பக்கத்து வீட்டு அக்கா வாங்குவது அந்த மாத்திரைதான். அவருக்குச் சுகர் கட்டுக்குள் இருந்தால் அதைவிட வேறு அத்தாட்சி எதற்கு?

சில மருந்துகளில் மட்டும் பிராண்டை அடிக்கடி மாற்றாதீர்கள். தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின். இவற்றில் சிறு ஏற்ற இறக்கமும் உடம்பில் தெரியும். மாற்றினால் டாக்டருக்குச் சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்து, அப்புறம் அதே பிராண்டிலேயே இருக்க வேண்டும். அப்பாவின் பட்டியலில் இவை எதுவும் இல்லை.

அரசுப் பக்கம் போவதானால், 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால் போதும். அங்கே மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின் போன்ற அடிப்படை மாத்திரைகள் கிடைக்கும். புதிய ரகங்களை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டையும் கலந்தும் செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள்: அடிப்படை மாத்திரை அங்கே, மீதி ஒன்று மக்கள் மருந்தகத்தில், வருடத்துக்கு இரண்டு முறை சொந்த டாக்டரிடம் காட்டுவது. ஒரு எச்சரிக்கை: இரண்டு இடத்திலும் மெட்ஃபார்மின் வாங்கி இரண்டையும் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளிமிபிரைடில் அந்தத் தவறு நடந்தால் ராத்திரியில் சுகர் இறங்கி மயங்கிவிடுவார். பெயர் வேறாக இருக்கும், உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கும்.

டாக்டரிடம் எப்படிப் பேசுவது? சண்டைக்குப் போகாதீர்கள், கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போங்கள். ஒரு மஞ்சப்பையில் அப்பா சாப்பிடும் எல்லா அட்டையையும், வேறு இடத்தில் வாங்கியதையும், நாட்டு மருந்தையும் போட்டு எடுத்துப் போங்கள். கடைசி மூன்று மாத சுகர் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டும் கிட்னிக்குப் பார்க்கும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். மேஜையில் அட்டைகளைப் பரப்பி வைத்து, "சார், மாசம் ஆயிரத்து ஐநூறுக்கு மேல எங்களால முடியல. இதுல எதெல்லாம் கட்டாயம், எதை நிறுத்திப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். எந்த மாத்திரை எதற்கு என்று சீட்டில் பக்கத்திலேயே தமிழில் ஒரு வார்த்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் பேனாவை எடுத்து இரண்டு மூன்று வரியை அவர்களே அடித்துவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். எரிந்து விழுந்தால், கேஸ் மாத்திரைக்கும் சத்து மாத்திரைக்கும் காரணம் சொல்ல மறுத்தால், வேறு டாக்டரைப் பாருங்கள். வேலூரைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை.

புதுச் சீட்டு வந்ததும் அட்டைகளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பின்பக்கத்தை எடுங்கள் தம்பி, சேர்மானம் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். ஓரத்தைக் கத்தரித்துக் கொடுத்த அட்டையாக இருந்தால் காலாவதி தேதி போயிருக்கும், அந்த மாத்திரைக்குக் கடையில் பில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.